வெற்றிடம் தயாரித்தல்: ஒயிட் சாண்ட்ஸ் பற்றிச் சில குறிப்புகள்

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் உள்ள ஒயிட் சாண்ட்ஸ் மணல்வெளி, தேசியப் பூங்கா என்ற தகுதியை 2019 டிசம்பர் 20 அன்று பெற்றது. இப்படியொரு தகுதியைச் சுற்றுச்சூழல் சட்டமோ வனச் சட்டமோ தந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தந்தது 2020ஆம் நிதியாண்டுக்கான ராணுவச் செலவு அங்கீகாரச் சட்டம். போர் விமானத்துக்கும் ஏவுகணைக்கும் பணம் ஒதுக்கிய அதே பிரதியின் ஒரு மூலையில், பூங்காவும் பக்கத்து ஏவுகணைச் சோதனைத் தளமும் தங்களுக்குள் நிலத்தை மாற்றிக்கொள்வதற்கான விதிகளோடு சேர்ந்து இந்தப் பூங்கா பிறந்தது. நிர்வாக வசதிக்காக அப்படிச் செய்தார்கள் என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் அந்த நிலத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், பூங்காவும் சோதனைத் தளமும் ஒரே சொல்லாடலின் இரண்டு கைகள் என்று தோன்றுகிறது.

ஒரு மார்ச் மாதத்தில் ஒரு பகல் முழுக்க அங்கே இருந்தேன். லாஸ் க்ரூசெஸ் நகரத்தில் வேலை பார்க்கும் கல்லூரிக்கால நண்பன், அவனுடைய எட்டு வயது மகள், நான் என்று மூன்று பேர் காரில் கிளம்பினோம். சான் அகஸ்டின் கணவாய்க்குப் பக்கத்தில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். “ஏவுகணை விடறாங்கடா. ஒரு மணி நேரம் ஆகும்” என்றான் நண்பன், ரயில்வே கேட் சாத்தியிருக்கிறது என்பதுபோல. முன்னால் நின்ற கார்களிலிருந்து ஆட்கள் இறங்கி, பிளாஸ்கைத் திறந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. சோதனை நடக்கும் நாட்களில் நெடுஞ்சாலையும் மூடும், பூங்காவும் மூடும். சுற்றுலாப் பயணி முதலில் பார்க்க வேண்டியது பூங்காவின் மூடல் அறிவிப்பைத்தான்.

கணவாயிலிருந்து இறங்கும்போது கிழக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. நெருங்க நெருங்க அது மேடுகளாகப் பிரிகிறது. நமக்குத் தெரிந்த மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், இது ஜிப்சம். கரும்பலகையில் எழுதுகிற சாக்குக்கட்டியின் பொருள். ஜிப்சம் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் மற்ற இடங்களில் மழையோடு கரைந்து ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். இந்த டுலரோசா வடிநிலத்திலிருந்து கடலுக்கு ஓடும் ஆறு கிடையாது. மேற்கே சான் ஆண்ட்ரஸ் மலை, கிழக்கே சாக்ரமென்டோ மலை. அங்கே பெய்யும் மழையும் உருகும் பனியும் ஜிப்சத்தைக் கரைத்துக்கொண்டு லூசெரோ ஏரி என்ற பள்ளத்தில் வந்து தேங்கி, வெயிலில் வற்றிப்போகும். மிஞ்சுகிற செலினைட் படிகங்களைக் காற்று உடைத்து, அரைத்து, வடகிழக்கே தள்ளும். மேடுகள் மொத்தமாகப் பறந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதும் தண்ணீர்தான். சில அடி தோண்டினால் ஈரம் வந்துவிடுகிறது. தண்ணீரே இல்லாத இடம் என்று நாம் கற்பனை செய்கிற பாலையை இங்கே தண்ணீர்தான் உண்டாக்கி, தண்ணீர்தான் காப்பாற்றுகிறது. சுமார் 710 சதுர கிலோமீட்டர் பரவிய இந்த மேடுகளில் ஐந்தில் இரண்டு பங்கு பூங்காவுக்குள் இருக்கிறது. மீதி மூன்று பங்கு ராணுவத்தின் கையில்.

வெறுங்காலோடு ஏறினோம். நடுப்பகல் வெயிலிலும் அந்த மணல் சுடுவதில்லை. “மாமா, சுடவே இல்ல. ரவை மாதிரி இருக்கு” என்றாள் குழந்தை. பூங்காக் கடையில் வட்டமான பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். அதில் மெழுகு தேய்த்து உட்கார்ந்தால் மேட்டின் உச்சியிலிருந்து சர்ரென்று கீழே வரலாம். வருடத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து சறுக்கிவிட்டுப் போகிறார்கள். நானும் நாலு தடவை சறுக்கினேன், நன்றாகத்தான் இருந்தது. பலகைகளிலும் துண்டறிக்கைகளிலும் அதிகம் பேசப்படுவது மணல் உருவான கதையும், மணலுக்கு ஏற்றபடி வெளுத்துப்போன பல்லி, எலி வகைகளும். கூடவே, உலோகத் துண்டு எதையாவது கண்டால் தொடாதீர்கள், வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை.

“இங்க ஒண்ணுமே இல்லடா, அதான் அழகு” என்றான் நண்பன். அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த இடம் அப்படிப் பார்க்கப்படுவதற்காகவே ஒழுங்குசெய்யப்பட்டிருக்கிறது. நம்முடைய கேள்வி, இந்த ‘ஒண்ணுமே இல்லை’ எப்படித் தயாரானது என்பது.

இந்த வடிநிலத்திலும் சுற்றியிருந்த மலைகளிலும் புழங்கியவர்கள் மெஸ்கலெரோ அப்பாச்சிகள். 1862 அக்டோபரில் ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்டன், கிட் கார்சனுக்கு ஓர் உத்தரவு அனுப்பினார்: அப்பாச்சி ஆண்களை எங்கே கண்டாலும் கொல்ல வேண்டும், பெண்களையும் குழந்தைகளையும் சிறைப்பிடிக்க வேண்டும். எஞ்சியவர்கள் பீக்கோஸ் ஆற்றங்கரையில் பாஸ்க் ரெடோண்டோ முகாமில் அடைக்கப்பட்டார்கள். 1865 நவம்பரில் ஓர் இரவு, நோயாளிகளும் முதியவர்களுமாகச் சிலரைத் தவிர, மொத்தப் பேரும் அங்கிருந்து மறைந்துபோனார்கள். 1873இல் ஜனாதிபதி கிராண்ட்டின் உத்தரவின்பேரில் அவர்களுக்குச் சாக்ரமென்டோ மலைப்பக்கம் ஒரு ஒதுக்கிடம் தரப்பட்டது. வெண்மணல் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றது. கோடு போட்டபிறகுதான் ‘வெளியே’ என்று ஒன்று வருகிறது. வெளியே இருப்பதை ‘யாருடையதும் அல்ல’ என்று சொல்ல முடிகிறது.

1880 ஏப்ரலில் சான் ஆண்ட்ரஸ் மலையின் ஹெம்ப்ரில்லோ பள்ளத்தாக்கில் விக்டோரியோ தலைமையிலான அப்பாச்சிகள் அமெரிக்கக் குதிரைப்படையைச் சுற்றிவளைத்தார்கள். மாட்டிக்கொண்டது ஒன்பதாம் குதிரைப்படை, அதாவது கறுப்பினச் சிப்பாய்களின் படை. வழியில் ஜிப்சம் கலந்த ஊற்றுநீரைக் குடித்து வயிறு கெட்டு, தண்ணீர் தேடி வந்தவர்கள் அவர்கள். அடிமைத்தளை அறுந்து பதினைந்தே ஆண்டுகள் ஆன மக்களின் பிள்ளைகளை, இன்னொரு மக்களை நிலத்திலிருந்து கிளப்ப அனுப்பியிருக்கிறது அரசு. ஒடுக்கப்பட்டவர்கள் இயல்பாகவே ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சம்பளமும் சீருடையும் கொடுக்கிற இடம் எது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ஹெம்ப்ரில்லோ இன்று ஏவுகணைத் தளத்துக்குள் இருக்கிறது. நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாது.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் பாலை ஞாபகம் வராமல் போகாது. தொல்காப்பியம் பாலைக்குத் தனியாக நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் நலம் கெட்டுப் பாலையாகின்றன என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலை ஓர் இடம் என்பதைவிட ஒரு நிலை. நிலத்துக்கு நேர்கிற ஒன்று. நவீன அரசு பாலையை நிரந்தர இடமாக வரைபடத்தில் பதிப்பதைவிட இது நுட்பமான பார்வைதான். உடனே ‘பார்த்தீர்களா, நம் முன்னோர்’ என்று கிளம்பிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கவிதைகளில் பாலையில் வாழ்கிறவர் யார்? வழிப்போக்கரைக் கொல்லும் மறவர், ஆறலை கள்வர். பாலையைக் கடந்துபோகிற தலைவனுக்கு மனசு இருக்கிறது, பிரிவு இருக்கிறது, நினைவு இருக்கிறது. பாலையிலேயே கிடக்கிறவனிடம் வில்தான் இருக்கிறது. கார்ல்டனின் உத்தரவிலும் அப்பாச்சி ஒரு கொள்ளைக்காரன். கடந்துபோகிறவனின் பக்கத்திலிருந்து எழுதப்படும்போது, அங்கேயே வாழ்கிறவன் ஆபத்தாகவோ நிலக்காட்சியாகவோ மட்டுமே பிரதிக்குள் வர முடிகிறது. நம் வருவாய்த்துறையின் ‘தரிசு’, ‘புறம்போக்கு’ என்ற சொற்களையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். வரி கட்டாத நிலத்தின் பெயர் கடைசியில் மனிதரைத் திட்டுகிற வசவாக மாறியது சும்மா நடந்துவிடவில்லை.

பூங்கா என்ற யோசனைக்கு வருவோம். அதற்கும் ஒரு சுவாரஸ்யமான பிறப்பு இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க உள்துறைச் செயலராக இருந்த ஆல்பர்ட் ஃபால் இந்த வடிநிலத்தில் பெரிய பண்ணை வைத்திருந்தவர். மெஸ்கலெரோ ஒதுக்கிட நிலத்திலிருந்து சில துண்டுகள், வெண்மணலிலிருந்து ஒரு துண்டு, தூரத்து அணைக்கட்டு ஒன்று என்று ஒட்டுப்போட்டு, தன் பண்ணையைச் சுற்றிவருகிற மாதிரி ஒரு தேசியப் பூங்காவுக்கு அவர் திட்டம் போட்டார். 1922இல் அது செனட்டில் நிறைவேறி, அதற்குமேல் நகரவில்லை. பிறகு டீபாட் டோம் எண்ணெய் ஊழலில் லஞ்சம் வாங்கிய குற்றத்துக்காக 1931இல் ஃபால் சிறைக்குப் போனார். பதவியில் செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர். மிச்ச வேலையை முடித்தவர் அலமோகோர்டோ ஊரின் டாம் சார்ல்ஸ். ஊருக்குப் பயணிகள் வந்தால் வியாபாரம் நடக்கும் என்பது அவருடைய எளிய கணக்கு. 1933 ஜனவரி 18 அன்று ஜனாதிபதி ஹூவர் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்.

ஒன்பது வருடத்தில் ராணுவம் வந்தது. 1942இல் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலமெல்லாம் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக எடுக்கப்பட்டது. யுத்தம் முடியும்வரைதான் என்று சொல்லித்தான் பண்ணைக்காரர்களிடம் குத்தகை எழுதி வாங்கினார்கள். யுத்தம் முடிந்தது, நிலம் திரும்பவில்லை. இன்று சோதனைத் தளத்தின் பரப்பு சுமார் 8,300 சதுர கிலோமீட்டர். பூங்கா அதன் நடுவே ஒரு தீவு. 1957இல் பக்கத்து மெக்ரெகர் தளத்தின் விரிவாக்கத்துக்கு இடம்கொடுக்க மறுத்து, எண்பது வயதைத் தாண்டிய ஜான் ப்ராதர் என்ற பண்ணைக்காரர் தன் வீட்டைவிட்டு நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ராணுவம் பின்வாங்கி அவரை வீட்டில் இருக்க விட்டது. எட்வர்ட் அபே அதை வைத்து 1962இல் ‘ஃபயர் ஆன் தி மௌண்டன்’ நாவலை எழுதினார். பிறகு அது படமாகவும் வந்தது. அந்தக் கிழவரின் பிடிவாதத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பறிகொடுத்தவர் வரிசையில் கடைசியாக வந்தவருக்குத்தான் நாவலும் படமும் கிடைக்கின்றன என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் தளத்தில் 1946 முதல் 1952 வரை ஜெர்மனியிலிருந்து கொண்டுவரப்பட்ட வி-2 ராக்கெட்டுகள் அறுபதுக்கும் மேல் ஏவப்பட்டன. வதைமுகாம் கைதிகளைச் சுரங்கத்துக்குள் அடைத்துவைத்து, அவர்களுடைய உழைப்பால் நாஜிகள் செய்தவை. அந்த ராக்கெட்டுகளோடு அவற்றை வடிவமைத்த விஞ்ஞானிகளும் வந்து சேர்ந்தார்கள். 1946 அக்டோபர் 24 அன்று இங்கிருந்து போன ஒரு வி-2இல் பொருத்திய கேமராதான் விண்வெளியிலிருந்து பூமியை முதன்முதலாகப் படம்பிடித்தது. கறுப்பு வெள்ளையில் பூமியின் வளைவும் கொஞ்சம் மேகமும். அறிவியல் நூல்களில் பெருமையோடு அச்சாகும் படம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எந்த நிலத்திலும் ஆள் தெரிவதில்லை. 1969க்கும் 1977க்கும் இடையில் ஆப்பிரிக்காவின் காலஹாரியைச் சேர்ந்த ஓரிக்ஸ் மான்கள் தொண்ணூற்றுச் சொச்சத்தை வேட்டைக்காரர்களுக்காக இங்கே கொண்டுவந்து விட்டார்கள். காலியாக இருக்கிற பாலையில் பாலை மிருகம் ஒன்றை விடுவதில் என்ன தப்பு என்பது தர்க்கம். அவை ஆயிரக்கணக்கில் பெருகி, பூங்காவின் செடிகொடிகளை மேய்ந்து, கடைசியில் பூங்காவைச் சுற்றி வேலி போட்டு விரட்ட வேண்டியதாயிற்று.

ராக்கெட்டுக்கு முன்பு நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெண்மணலுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில், இதே தளத்தின் வடகோடியில், 1945 ஜூலை 16 அதிகாலை ஐந்தரை மணிக்கு உலகின் முதல் அணுகுண்டு வெடிக்கப்பட்டது. டிரினிட்டி என்று பெயர். புளூட்டோனியக் கருவைப் பொருத்தியது மெக்டொனால்டு பண்ணை வீட்டின் படுக்கையறையில். அந்த வீட்டுக்காரர்களை 1942லேயே வெளியேற்றியிருந்தார்கள். சுற்றியிருந்த ஊர்களுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் சொன்னதும் பொய். வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது என்று பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார்கள். டுலரோசா, கரிசோசோ போன்ற ஊர்களில் பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் ஏழைக் குடும்பங்களும், பக்கத்து மலையில் மெஸ்கலெரோக்களும். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்தவர்கள், சொந்தத் தோட்டத்துக் காய்கறியும் சொந்த மாட்டின் பாலும் சாப்பிட்டவர்கள். மேய்ந்துகொண்டிருந்த மாடுகளின் முதுகில் முடி உதிர்ந்து வெள்ளையாக முளைத்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இந்தியானா மாநிலத்தில், ஆற்றுநீரில் கலந்த தூசு காகித அட்டைக்குள் போய், அந்த அட்டையில் சுற்றிவைத்த கோடாக் ஃபிலிம்களில் புள்ளி புள்ளியாக விழுந்தது. கோடாக்கின் ஆய்வாளர் காரணத்தைத் துப்பறிந்து கண்டுபிடித்துவிட்டார். ஃபிலிமுக்குக் கிடைத்த விசாரணை டுலரோசாவின் குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. தண்ணீர் வழியாகவும் பால் வழியாகவும் உடம்புக்குள் போன கதிர்வீச்சு ஒருபோதும் மதிப்பிடப்படவில்லை என்பதை அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காகத் தயாரித்த அறிக்கையே 2010இல் எழுதியது.

ஓப்பன்ஹைமர் கீதையை நினைத்துக்கொண்டது பற்றி நம் பத்திரிகைகள் எழுதித் தள்ளியிருக்கின்றன. 2023இல் வந்த படத்துக்குப் பிறகு இன்னும் ஒரு சுற்று எழுதினார்கள். படத்தில் பாலை இருக்கிறது, காற்று இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் குடித்தவர்கள் இல்லை. மாமேதையின் மனசாட்சி அரங்கேற ஒரு வெற்று மேடை தேவைப்படுகிறது. பொக்ரானைப் பற்றி 1998இல் நாம் வாசித்த புகழுரைகளிலும் பக்கத்திலிருந்த கேத்தோலாய் கிராமம் அபூர்வமாகத்தான் தலைகாட்டியது.

இத்தனைக்கும் பிறகு, இந்த வெற்றிடக் கதையாடலை உடைத்திருப்பது வெண்மணலின் தரைதான். வற்றிப்போன ஏரியின் ஓரத்தில், ஈரம் சரியாக இருக்கிற நாட்களில் மட்டும் தெரிந்து பிறகு மறைகிற காலடித் தடங்கள் இருக்கின்றன. 2021இல் வெளியான ஆய்வு, தடங்களின் மேலும் கீழும் கிடைத்த நீர்த்தாவர விதைகளை வைத்து அவற்றின் வயதை 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று கணித்தது. அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர் வந்து 13,000 ஆண்டுகள்தான் ஆகின்றன என்ற பழைய பாடத்தைப் பத்தாயிரம் வருடம் பின்னுக்குத் தள்ளிய கணக்கு. விதைகளை நம்ப முடியாது என்று சிலர் மறுத்தார்கள். 2023இல் மகரந்தத்தையும் குவார்ட்ஸ் துகளையும் வைத்துச் செய்த கணிப்பும் அதே காலத்தைக் காட்டியது. இன்னொரு தடவரிசையில், பெண்ணோ வளரிளம் பருவத்தினரோ ஒருவர் சின்னக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் வேகமாக நடந்திருக்கிறார். நடுநடுவே குழந்தையை இறக்கிவிட்ட இடத்தில் குட்டிப் பாதங்கள். திரும்பி வந்தபோது குழந்தை இல்லை. இரண்டு நடைக்கும் நடுவில் ஒரு மாமதமும் ஒரு ராட்சத ஸ்லாத்தும் அந்தப் பாதையைக் குறுக்கே கடந்திருக்கின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்தது அடுப்பு. மணல்மேட்டில் பழங்குடியினர் தீ மூட்டியபோது சூட்டில் ஜிப்சம் பாரிஸ் சாந்தாக மாறியது. பிறகு ஈரம் பட்டு இறுகிக் கல்லாகிவிட்டது. சுற்றியிருந்த மேடு காற்றில் நகர்ந்துபோன பிறகும் அடுப்பிருந்த இடம் மட்டும் கரியோடும் சாம்பலோடும் ஒரு பீடம்போல நிற்கிறது. சமைத்துச் சாப்பிட்ட இடம் மிஞ்சியிருக்கிறது, மேடுகள் போய்விட்டன.

இங்கே ஒரு நேர்மையான சிக்கலையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேலியும் ராணுவமும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தடங்களின்மேல் வீட்டுமனைகளோ சுரங்கமோ வந்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆட்களை விரட்டிய அதே கைதான் ஆட்களின் மிகப் பழைய தடத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறது. இன்று பியூப்ளோ, அப்பாச்சி இனங்களின் பிரதிநிதிகள் தடங்களைப் பார்க்க அழைக்கப்படுகிறார்கள், ஆலோசனை கேட்கப்படுகிறார்கள். நல்ல விஷயம். அழைக்கிறவர் யார், அழைக்கப்படுகிறவர் யார் என்பதில் மாற்றம் இல்லை.

மறந்துபோகச் சம்மதிக்காதவர்கள் டுலரோசாக்காரர்கள். நெவாடா சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 1990இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தபோது, முதல் குண்டின் தூசைச் சுவாசித்த நியூ மெக்ஸிகோ மக்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2005இல் டினா கோர்டோவாவும் ஃப்ரெட் டைலரும் டுலரோசா வடிநிலத்து மக்களின் அமைப்பைத் தொடங்கினார்கள். வருடந்தோறும் ஜூலையில் காகிதப் பைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, புற்றுநோயில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். ஃப்ரெட் டைலரின் பெயரும் இப்போது அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டது. சட்டமே 2024இல் காலாவதியானது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்துக்குள் அது மறுபடி உயிர்பெற்றபோதுதான் நியூ மெக்ஸிகோ உள்ளே வந்தது. குண்டு வெடித்து எண்பது வருடம் நிறைய இன்னும் பன்னிரண்டு நாள் பாக்கி.

ஒரு லட்சம் டாலர். அதற்கு, குறிப்பிட்ட புற்றுநோய்களில் ஒன்று வந்ததற்கு மருத்துவ அத்தாட்சி வேண்டும். 1944 செப்டம்பருக்கும் 1962 நவம்பருக்கும் இடையில் குறைந்தது ஒரு வருடம் அந்த மாநிலத்தில் வாழ்ந்ததற்குக் காகிதம் வேண்டும். இறந்தவருக்காக வாரிசுகளும் கேட்கலாம். மனு கொடுக்கக் கடைசி நாள் 2027 டிசம்பர் 31.